கொளஞ்சியின் குரல்

என்னிடம் படித்த ஒரு டாக்டர், இப்போது நான் வேலை பார்த்த அதே துறைக்குத் தலைவர், போன மாதம் போன் செய்தார். குழந்தைகளுக்கு அட்ரினல் சுரப்பியில் வரும் புற்றுநோய்க்குக் கம்ப்யூட்டரில் ஒரு கணக்கு வந்திருக்கிறதாம். கட்டியின் எடை, அது எதுவரை பரவியிருந்தது, ரத்தத்தில் செய்த மரபணுச் சோதனை எல்லாவற்றையும் கொடுத்தால், கட்டி திரும்ப வருமா, குழந்தை பிழைக்குமா என்று அது சொல்லிவிடுகிறதாம்.

"மேடம், உங்க காலத்துல இத எப்படிச் சொன்னீங்க? இப்ப படிக்கிறவங்களுக்காக எழுதித் தாங்களேன்" என்றார்.

பெரும்பாலும் சொல்லவில்லை என்பதுதான் உண்மை. சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தோம். அதை எழுதலாம் என்று தோன்றியது.

நான் கருவேப்பிலங்குறிச்சிக்காரி. கரும்பும் நெல்லும் போட்ட குடும்பம். மருத்துவம் படித்து, அதன்பின் பேத்தாலஜி படித்தேன். ஆபரேஷனில் எடுத்த சதையை அறுத்துப் பார்த்து என்ன நோய் என்று சொல்லும் துறை அது. சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்று, இப்போது விருத்தாசலத்தில் இருக்கிறேன். நோயாளியின் முகத்தைப் பார்க்காமலே முடிந்துவிடக்கூடிய உத்தியோகம். எனக்கு அது அப்படி முடியவில்லை. காரணம் இரண்டு பேர். ஒருவர் என் தலைவர் ஞானசுந்தரி மேடம். இன்னொருத்தி கொளஞ்சி.

மேடம் குள்ளமாக, மெலிந்து இருப்பார். காட்டன் புடவையின் மேல் வெள்ளைக் கோட்டை முழுக்கப் பொத்தான் போட்டிருப்பார். மைக்ராஸ்கோப்பில் இரண்டு பேர் ஒரே ஸ்லைடைப் பார்க்கலாம். எதிர்ப்பக்கம் நம்மை உட்கார வைத்து, "என்ன தெரியுது, சொல்லு" என்பார். பார்த்ததைச் சொல்லாமல் எடுத்த எடுப்பில் "கேன்சர் மேடம்" என்று சொன்னால் விளக்கை அணைத்துவிடுவார். திட்டமாட்டார். இருட்டில் நாம் உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு விளக்கைப் போட்டு, "கண்ணு என்ன பாத்துச்சு? அத மட்டும் சொல்லு" என்பார். இன்னொரு வழக்கமும் அவரிடம் உண்டு. தட்டில் எதைக் கொண்டுபோய் வைத்தாலும் "இது யாரு?" என்றுதான் கேட்பார். "இது என்ன" என்று அவர் கேட்டு நான் கேட்டதில்லை.

சிறுநீரகத்தின் உச்சியில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் சின்னச் சுரப்பிதான் அட்ரினல். குழந்தைகளுக்கு அதில் கட்டி வருவது மிக மிக அபூர்வம். வந்தால், பல சமயம் அந்தக் கட்டியே ஹார்மோனைச் சுரக்க ஆரம்பித்துவிடும். பால் பல் விழாத குழந்தைக்கு முகப்பரு வரும், ரோமம் வளரும், குரல் உடையும். பிள்ளையின் உடம்புக்குள் வேறு யாரோ ஒரு பெரிய ஆள் குடியேறிக்கொண்டிருப்பது போல இருக்கும்.

பெரியவர்களுக்கு இந்தக் கட்டி வந்தால் மைக்ராஸ்கோப்பை ஓரளவு நம்பலாம். செல்கள் கோரமாக இருந்தால் முடிவும் பெரும்பாலும் கோரமாகத்தான் இருக்கும். குழந்தைகளிடம் அப்படி இல்லை. பார்க்கவே பயமாக இருக்கும் ஸ்லைடுக்குச் சொந்தக்காரக் குழந்தை பள்ளிக்கூடம் போகும், வளரும். சாதுவாகத் தெரிந்த கட்டி சில மாதங்களில் நுரையீரலில் வந்து நிற்கும். "புள்ளைங்க விஷயத்துல இது நம்ம கண்ணைக் கட்டி விளையாடும்" என்பார் மேடம்.

ஒரு நாள் குழந்தைகள் வார்டிலிருந்து அறுவை சிகிச்சை டாக்டர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "உங்க ஊர்ப்பக்கத்து ஆளுங்க. விருத்தாசலம். ஆபரேஷனுக்கு ஒத்துக்க மாட்டேங்குறாரு அப்பா. எங்க பேச்ச விட உங்க பேச்சு எடுபடும், கொஞ்சம் வாங்க" என்றார்.

வார்டின் கடைசிக் கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தது. நான் பக்கத்தில் போகும்போது உள்ளேயிருந்து ஓர் ஆணின் குரல் கேட்டது. "யம்மா, தண்ணி குடு." இருபது வயதுப் பையனின் குரல். யாரோ ஒரு தாய் பெரிய மகனையும் கூட அழைத்து வந்திருக்கிறாள் போல என்று நினைத்துத் திரையை விலக்கினேன்.

உள்ளே ஒரு பெண்ணும், கட்டிலில் நான்கு வயதுச் சிறுமியும் மட்டும்தான் இருந்தார்கள்.

குழந்தைக்கு முகம் முழுக்கப் பவுடர் அப்பியிருந்தார்கள். பருக்களை மறைக்க. மேலுதட்டில் பூனை முடி கறுத்திருந்தது. ரெட்டைச் சடையில் ரிப்பன். என்னைப் பார்த்து, அந்தக் குரலிலேயே, "நீ ஊசி போடுவியா?" என்று கேட்டது.

"போட மாட்டேன்" என்றேன்.

தாயின் பெயர் தனலட்சுமி. அப்பா ஏழுமலை வெளியே வராந்தாவில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். விருத்தாசலம் செராமிக் பேட்டையில் சூளையில் பொம்மைகளை அடுக்கும் வேலை அவருக்கு. நான் ஊர் பேரைச் சொன்னதும் எழுந்து நின்றார். பிறகு தயங்கித் தயங்கிப் பேச ஆரம்பித்தார்.

"டாக்டரம்மா, உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன. அது எம் புள்ள கொரலு இல்லீங்க. என் தம்பி கலியபெருமாள் கொரலு."

"தம்பி எங்க இருக்காரு?"

"செத்துட்டாங்க. இவ பொறக்கறதுக்கு மின்ன. நான்தாங்க அவனத் தூக்கி வளத்தேன். போன மாசியில ஒரு நாளு வேல முடிச்சி வூட்டுக்குள்ள நொழையிறேன், 'அண்ணே'ன்னு கூப்புடறான். அதே கொரலு. திரும்பிப் பாத்தா இவ நிக்கிறா. எனக்குக் கை காலு ஓடல."

"தெரு முழுக்க சொல்றாங்க" என்றாள் பின்னால் வந்து நின்ற தனலட்சுமி. "பக்கத்து வூட்டுப் பசங்க இவர அண்ணன்னுதான் கூப்புடுவாங்க, அதக் கேட்டு இதுவும் கூப்புட்டிருக்கும். ஆனா கொரலு... நான் பொய் சொல்லக்கூடாது. அவுரு கொரலு மாதிரிதான் இருக்குது."

ஏழுமலை என் முகத்தையே பார்த்தார். "வயித்துல கட்டின்னு சொல்றாங்க. அத எடுத்துட்டா கொரலு கொறையலாம்னும் சொல்றாங்க. அப்ப அவன் போயிடுவான்ல? ஒருவாட்டி அவனச் சுடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போனேன். திரும்பவும் என் கையாலயே அனுப்பச் சொல்றீங்களா?"

கட்டி சுரக்கும் ஹார்மோன்தான் குரலை மாற்றியிருக்கிறது என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டார். நம்பினாரா என்று தெரியவில்லை. பேச்சுக்குப் பேச்சாகத்தான் அடுத்த கேள்வியைக் கேட்டேன்.

"தம்பிக்கு என்ன ஆச்சு?"

"மொழங்காலுல கட்டிங்க. பத்தொம்போது வயசு. பாண்டிச்சேரியில காலை எடுத்தாங்க. அப்பறம் நெஞ்சுல வந்துடுச்சின்னாங்க."

"அம்மா அப்பா?"

"அம்மா, நாங்க சின்னப் பசங்களா இருக்கறப்பவே. மாருல புண்ணு வந்து."

பட்டப்பகலில், ஆட்கள் போய் வந்துகொண்டிருந்த வராந்தாவில், என் முதுகுத்தண்டு சில்லிட்டது. தம்பி அந்தக் குழந்தைக்குள் வந்திருக்கிறான் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கு வேறொன்று தெரிந்தது. தாயின் மார்பில் இருந்தது, தம்பியின் முழங்காலில் இருந்தது, இப்போது இந்தப் பிள்ளையின் வயிற்றில் உட்கார்ந்திருக்கிறது. அது வந்த வழி எனக்கும் இந்தக் குழந்தைக்கும் நடுவில் கைலி கட்டிக்கொண்டு நின்றது. தாய் ஏழுமலைக்கும் கொடுத்திருக்காவிட்டால், பேத்திக்கு எப்படி வரும்?

நேராக மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"குடும்பத்துல ஓடுது" என்றார். "இந்தக் கட்டிய ஒரு குழந்தைகிட்ட பாத்தா, குழந்தைய மட்டும் பாக்கக்கூடாது. சோதிச்சுச் சொல்ல இப்ப நம்மகிட்ட வழி கெடையாது. ஆனா அந்த அப்பாவ வருஷா வருஷம் வந்து உடம்பக் காட்டச் சொல்லு. மொதல்ல புள்ளைய ஆபரேஷனுக்குக் கொண்டு வா."

கொண்டு வந்தது நான் இல்லை, தனலட்சுமி. மறுநாள் நான் போனபோது கணவனும் மனைவியும் வராந்தாவில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் சத்தமே போடவில்லை.

"உங்க தம்பி மேல எனக்கும் பாசம்தான். எங்கையால சோறு போட்டிருக்கறேன். ஆனா பத்து மாசம் சுமந்து நான் பெத்தது கொளஞ்சிய. அவுரு எடம் தேடி வந்திருந்தாருன்னா வேற எடம் பாத்துக்கச் சொல்லுங்க. இது எம் புள்ள இருக்கற எடம்."

ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டே கையெழுத்துப் போட்டார்.

கட்டி எங்கள் மேசைக்கு வந்தபோது இன்னும் கதகதப்பு இருந்தது. மேடமே கையுறை மாட்டிக்கொண்டு வந்தார். "இது யாரு?"

"கொளஞ்சி மேடம்."

முதலில் எடை. பெரியவர்களின் கட்டியில் அவ்வளவு முக்கியமில்லாத அந்தத் தராசு, குழந்தைகளின் கட்டியில் மைக்ராஸ்கோப்பை விட அதிகம் சொல்லும். ஒரு மாம்பழ எடைதான் இருந்தது. அதைக் கேட்டு மேடம் நிம்மதியாக மூச்சை விட்டது எனக்குக் கேட்டது. பிறகு மேல் உறையில் எங்காவது கிழிசல் இருக்கிறதா என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தார். உறை கிழிந்து கட்டி சிந்தியிருந்தால் கதை வேறு. கிழிசல் இல்லை. வெளிப்புறம் முழுக்கக் கறுப்பு மை பூசினோம். பின்னால் ஸ்லைடில் பார்க்கும்போது அந்த மைதான் எல்லை. கட்டி மையைத் தொட்டு நின்றால் உள்ளே மிச்சம் இருக்கலாம் என்று அர்த்தம். பெரிய ரத்தக்குழாயின் வெட்டுமுனையைத் தனியாக எடுத்து வைத்தோம். அதற்குப் பிறகுதான் கத்தி. உள்ளே மஞ்சளும் சிவப்புமாக, நடுவில் ஒரு பகுதி செத்து வெளுத்து இருந்தது.

ஃபார்மலினில் ஊறி, மெழுகில் பதிந்து, சீவி, சாயமேற்றி ஸ்லைடாக வந்ததை விளக்கடியில் வைத்தபோது நான் பயந்தேன். செல்கள் ஒவ்வொன்றும் ஒரு தினுசு. ஒன்றுக்குள் மூன்று கரு, வீங்கிப்போன கரு, எங்கு நகர்த்தினாலும் பிளந்துகொண்டிருக்கும் செல்கள். ஒரு பெரிய மனிதரின் ஸ்லைடாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

"என்ன பாக்குற?"

பார்த்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். கடைசியில் அடக்க முடியாமல், "பொழைக்குமா மேடம்?" என்றேன்.

விளக்கை அணைத்துவிட்டார். வெகுநேரம் போடவில்லை. இருட்டுக்குள்ளிருந்து அவர் குரல் மட்டும் வந்தது. "எடை நல்லா இருக்கு. உறை நல்லா இருக்கு. ரத்தக்குழாய்க்குள்ள போகல. மைய எங்கயும் தொடல. ஸ்லைடு மட்டும்தான் மோசம். ரெண்டும் ஒரே புள்ளையோடது. எத நம்பறதுன்னு எனக்குத் தெரியல. தெரியலன்னு எழுது."

அப்படித்தான் எழுதினோம். எப்படி நடந்துகொள்ளும் என்று உறுதியாகச் சொல்ல இயலாத கட்டி, தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். தனலட்சுமியிடம் அதை நான்தான் சொன்னேன். "தெரியலன்னா, சாகும்னு தெரியாதுன்னுதானே அர்த்தம்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அது போதும் என்று புடவை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஏழுமலையிடம் வருஷா வருஷம் அவரும் வர வேண்டும் என்றேன். "எனக்கு என்னாங்க, சூளையில வெந்த ஒடம்பு" என்று சிரித்தார்.

முதல் சில மாதங்கள் ஒழுங்காக வந்தார்கள். பிறகு நின்றுவிட்டார்கள். மேடம் வாராவாரம் கேட்பார், "கொளஞ்சி?" பொங்கலுக்கு நான் ஊருக்குக் கிளம்பும்போது, "என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுக்காம திரும்பி வராத. நாம எழுதுனதுக்கு முடிவு அந்த வூட்லதான் இருக்கு" என்றார்.

விசாரித்துக்கொண்டு போனேன். பேட்டைக்குப் பின்னால், ஓட்டு வீடுகள் நெருங்கிய ஒரு சந்து. காலை வெயில். சந்தில் ஆள் இல்லை, எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். அவர்கள் வீட்டை நெருங்கும்போது உள்ளே ஓர் ஆண் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தான். "கண்ண மூடு. மூடுறியா இல்லியா? எல்லாரும் தூங்குங்க." யாரும் பதில் சொல்லவில்லை. வாசலில் நின்று கூப்பிட்டேன். அதட்டல் சட்டென்று நின்றது.

உள்ளே எட்டிப் பார்த்தேன். தரையில் கொளஞ்சி மட்டும் உட்கார்ந்திருந்தாள். அவள் எதிரே சுவரோரமாக வரிசை வரிசையாகப் பீங்கான் பொம்மைகள். சூளையில் விரிசல் விட்டு, சாயம் போடாமல் ஒதுக்கியவை. ஒன்றுக்கும் கண் எழுதவில்லை, வாய் எழுதவில்லை. வெள்ளை வெளேரென்று மொட்டை முகங்கள். அத்தனை முகங்களும் அந்தக் குழந்தையைப் பார்த்திருந்தன. பருக்கள் போய், அவள் முகம் பூ மாதிரி தெளிந்திருந்தது. மேலுதடு சுத்தமாக இருந்தது. என்னைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்தாள். பிறகு அந்தக் குரலில், "அம்மா தண்ணிக்குப் போயிருக்குது" என்றாள்.

கட்டி போய்விட்டது. தொண்டை ஒருமுறை தடித்தால் பழையபடி மெலிவதில்லை. அது எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் நான் வாசற்படியைத் தாண்ட ஒரு நிமிஷம் ஆயிற்று.

பஸ் செலவும் வேலை நாளும்தான் அவர்கள் வராததற்குக் காரணம். அதற்கு மருத்துவமனையிலேயே ஓர் ஏற்பாடு செய்தோம். மறுபடி வர ஆரம்பித்தார்கள். மேடம் ஒவ்வொரு முறையும் ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஒன்றும் இருக்காது. அவர் ஓய்வு பெற்ற நாளன்றும் கொளஞ்சியின் ஸ்கேனைத்தான் கடைசியாகப் பார்த்தார். "கண்ணைக் கட்டி விளையாடிடுச்சு" என்றார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

கொளஞ்சி வளர்ந்தாள். ஆனால் பேசுவதை நிறுத்திவிட்டாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவளைக் கலியபெருமாள் என்றே கூப்பிட்டார்களாம். வாத்தியார் கேள்வி கேட்டால் பலகையில் எழுதிக் காட்டுவாள். வீட்டில் மட்டும், சாயங்காலம் வேலை முடித்து வந்த அப்பா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து, "எதுனா பேசும்மா" என்பார். அவள் பாடத்தைப் படித்துக் காட்டுவாள். அவர் கேட்டுக்கொண்டிருப்பார். தனலட்சுமி இதை என்னிடம் சொன்னபோது, "அவுரு கேக்கறது இவள இல்லீங்க. அது இவளுக்கும் தெரியும்" என்றாள்.

மரபணுச் சோதனை எங்கள் பக்கம் வந்தபோது நான் ஓய்வு பெறச் சில வருஷங்களே இருந்தன. கொளஞ்சி, ஏழுமலை இருவர் ரத்தத்தையும் அனுப்பினோம். இருவருக்கும் இருந்தது. மரபணுவில் ஒரே எழுத்துப்பிழை, ஒரே இடத்தில். ஏழுமலையை உட்கார வைத்துச் சொன்னேன். அவர் வெகுநேரம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப தம்பி எனக்குள்ளயும் இருக்கறான்" என்றார்.

இரண்டு வருஷம் ஒழுங்காக வந்து உடம்பைக் காட்டினார். மூன்றாவது வருஷம் தொடையில் ஒரு வீக்கம். ஆபரேஷன் செய்தோம், கதிர்வீச்சு கொடுத்தோம். அந்த ஸ்லைடை நான் பார்த்தேன். அது ஒன்றும் கண்ணைக் கட்டவில்லை. என்ன காட்டியதோ அதுதான் நடந்தது. கடைசி நாட்களில் கொளஞ்சி லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருந்தாள். அதற்குள் அவள் பெண்ணாடத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகியிருந்தாள். பிள்ளைகளிடம் பேசித்தானே ஆக வேண்டும், பேச ஆரம்பித்திருந்தாள். அப்பாவுக்குத் தினமும் பேப்பர் படித்துக் காட்டினாள். ஒரு நாள் அவர் கண்ணை மூடியபடி, "கலியா, போதுண்டா, நீ போயித் தூங்கு" என்று சொல்லி, அதன்பின் பேசவில்லை.

இது நடந்து சில வருஷங்கள் ஆகின்றன. இப்போது கொளஞ்சி வருடந்தோறும் தலையிலிருந்து கால் வரை ஸ்கேன் எடுத்துக்கொள்கிறாள். எடுத்ததும் விருத்தாசலத்தில் என் வீட்டுக்கு வந்து காட்டுவாள். போன மாதம் வந்தபோது தாயும் கூட வந்திருந்தாள். கையில் ஒரு பழைய கேசட்.

"சித்தப்பா வேல பாத்த கம்பெனியில ஆயுதபூஜைக்கு மைக்செட்டு வச்சிப் பாட்டுப் பாடியிருக்காராம்" என்றாள் கொளஞ்சி. "கூட வேல பாத்தவரு வூட்டுல கெடந்திருக்குது. கொண்டாந்து குடுத்தாரு. உங்ககிட்ட டேப் ரெக்கார்டரு இருக்குதுன்னு அம்மா சொல்லிச்சு."

போட்டேன். கரகரவென்று இரைச்சல். யாரோ ஒருவர், "அடுத்து நமது சகோதரர் கலியபெருமாள் அவர்கள்" என்று அறிவித்தார். கைதட்டல். பிறகு ஒரு குரல் பேசியது. "எல்லாருக்கும் வணக்கம். தப்பு இருந்தா பெரியவங்க மன்னிச்சிக்குங்க."

மெல்லிய, கீச்சென்ற குரல். சற்று மூக்கால் பேசும் குரல். கொளஞ்சியின் குரலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

தனலட்சுமியின் முகம் வெளுத்துவிட்டது. "இது அவுரு இல்ல" என்றாள். "கேசட்டு கெட்டுப்போச்சு. டேப்பு வேகமா ஓடுது. எனக்குத் தெரியாதா அவுரு கொரலு? தெருவே சொல்லிச்சே."

டேப் சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அறிவித்தவரின் குரல் சரியாக இருந்தது, கைதட்டல் சரியாக இருந்தது. ஒரு தெருவே, ஒரு வீடே, இருபது வருஷத்துக்கு மேல், செத்துப்போன ஒருவனுடைய குரல் என்று யாருடையதைக் கேட்டுக்கொண்டிருந்தது என்று நினைத்தபோது, வெகுகாலத்துக்கு முன் அந்த வராந்தாவில் சில்லிட்டதை விட அதிகமாகச் சிலிர்த்தது.

கொளஞ்சி கேசட்டை நிறுத்தவில்லை. பாட்டு முழுவதையும் கேட்டாள். முடிந்ததும் பொத்தானை அழுத்திக் கேசட்டை வெளியே எடுத்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அப்ப இது என் கொரலுதான்" என்றாள்.

அறை முழுக்க நிறைந்த, கனமான குரல். கொளஞ்சி இன்னொரு முறை, இந்தத் தடவை யாரிடமும் இல்லாமல், மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

"என் கொரலு."